பெயரும் படிவமும்: பேராக் தோட்டப் பேரேடு முதல் இணையப் படிவம் வரை

பெயர் இடுவது பெற்றோர் உரிமை. அப்பெயர் செல்லுமா செல்லாதா என்று சொல்லும் உரிமையோ காலந்தோறும் வேறு எவரிடமோ இருந்து வந்திருக்கிறது. கிராம முன்சீப்பிடம் இருந்தது. தோட்டத்துக் கிராணியிடம் இருந்தது. பதிவிலாகா எழுத்தரிடம் இருந்தது. இன்று அஃது ஒரு கணினித் திரையில் தோன்றும் சிவப்பு வரியிடம் இருக்கிறது. ‘பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்’ என்று அவ்வரி கூறுமானால், ஏ/எல் என்னும் சாய்கோட்டைப் பெயரின் நடுவே தாங்கி நிற்கும் மலேசியத் தமிழர் அவ்விடத்திலேயே தடுக்கப்படுகிறார். அவர் எழுதியது பிழையன்று. அரசினர் வழங்கிய அடையாள அட்டையில் உள்ளவாறே எழுதினார். பிழை விதியில் இருக்கிறது.

எழுதிக் கொடுக்கப்படும் விவரத்தைச் சரிபார்த்து ஏற்கும் கலை கணினியோடு பிறந்ததன்று. எங்கெல்லாம் பெயர்கள் பேரேட்டில் ஏறினவோ அங்கெல்லாம் அக்கலை இருந்தது. அதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. எழுதுவோன் கைக்கு அருகில் நின்று, அவன் எழுதும்போதே பிழையைச் சுட்டுவது முதல் வாயில். எழுதியது சென்று சேரும் அலுவலகத்தில், எழுதியவனைக் காணாமலே, ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வது இரண்டாம் வாயில். இன்றைய கணினித் துறையார் முன்னதை உலாவிப் பக்கச் சோதனை என்றும், பின்னதைச் சேவையகப் பக்கச் சோதனை என்றும் பிரித்துக் கூறுவர். இவ்விரண்டின் இயல்பையும், இவை தம்முள் முரணும்போது நேரும் துன்பத்தையும் பேராக் மாநிலத்துத் தமிழர் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

கங்காணியின் சீட்டு

1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறவே, சுங்கை சிப்புட் முதல், அந்நாளில் தெலுக் ஆன்சன் எனப்பட்ட தெலுக் இந்தான் வரை, பேராக்கின் காடுகள் தோட்டங்களாக மாறின. அவற்றுக்கு வேண்டிய ஆட்களைத் திரட்டுவதற்காக 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. அதன்பின் ஆள் சேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் கங்காணிகள் வசமாயிற்று. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை இம்முறை நீடித்தது.

கங்காணி தம் ஊர் செல்லும்போது உரிமச் சீட்டு ஒன்றைக் கொண்டு செல்வார். அவர் சேர்த்த ஆட்களின் பெயர்கள் அதில் எழுதப்படும். அவர்கள் புறப்படுவதில் தடை இல்லை என்பதற்குக் கிராம முன்சீப் கையொப்பமிட வேண்டும். இது முதல் வாயில். பின்னர் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த குடிபெயர்வோர் முகாமில் அதிகாரியும் மருத்துவரும் அவர்களை மீண்டும் சோதிப்பர். கப்பல் பினாங்கு சேர்ந்ததும் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புச் சோதனை காத்திருக்கும். இவை பின் வாயில்கள்.

இங்கு ஓர் உண்மை கருதத்தக்கது. ஊரில் நடந்த சோதனை, ஆளை அறிந்தவர் செய்தது. இன்னாருடைய மகன் இவன், இவனுக்கு மனைவி மக்கள் உளர் என்று முன்சீப் அறிவார். முகாமில் நடந்த சோதனையோ ஆளை அறியாதவர் செய்தது. அறிந்தவரிடம் பரிவு இருக்கலாம்; கைக்கூலியும் இருக்கலாம். அறியாதவரிடம் பரிவு குறைவு. ஆயினும் ஒரே அளவுகோல் எல்லாருக்கும் உண்டு. ஆதலால் முன்சீப் கையொப்பம் இருக்கிறது என்பதற்காக முகாம் அதிகாரி தம் சோதனையை விட்டுவிடவில்லை. முகாமில் சோதனை உண்டு என்பதற்காக ஊர்க் கையொப்பமும் கைவிடப்படவில்லை.

பெரட்டும் பால் நிறுவையும்

தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பெயர் செக்ரோல் எனும் பேரேட்டில் ஏறும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, பெயர் கூப்பிடப்படும். வந்தவர்க்கு அன்றைய பேர் விழும். பேர் விழாவிடில் அன்றைய கூலி இல்லை. ஒரே தோட்டத்தில் முனியம்மாக்கள் பலர் இருக்கலாம். ஆறுமுகங்கள் சிலர் இருக்கலாம். கூலி மாறிப்போகாதிருக்க, தந்தை பெயரோ கணவன் பெயரோ எண்ணோ அடையாளமாகச் சேர்க்கப்பட்டது. ஒரு பேரேட்டில் இருவர் ஒன்றாகத் தோன்றலாகாது என்னும் இவ்விதி, இன்றைய தரவுத்தளங்களின் முதல் விதியாகவும் இருக்கிறது.

இரண்டாம் வாயில் எதற்கு என்பதற்குப் பால் நிறுக்கும் கொட்டகையைவிடச் சிறந்த சான்று வேறில்லை. மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்துக் காண்டாவில் சுமந்து வருவோர், கொட்டகையில் வாளியை இறக்குவர். பால் நிறுக்கப்படும். ஆனால் எடை மட்டும் போதாது. பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மழைநீர் கலந்தாலும், எவரேனும் வேண்டுமென்றே நீர் சேர்த்தாலும் எடை கூடும், ரப்பர் கூடாது. ஆகவே கிராணி மெட்ரோலாக் எனும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டுப் பார்ப்பார். ரப்பர் நீரினும் இலேசானது. நீர் மிகுந்த பாலில் மிதவை மேலெழும். ரப்பர் மிகுந்த பாலில் தாழும். அக்குறியே பாலின் உண்மையைச் சொல்லும்.

சருகையும் பட்டைத் தூளையும் நிரையிலேயே அகற்றிக் கொண்டுவருவது பால்வெட்டுவோருக்கே நன்மை. அதனால் கொட்டகையில் காலம் மிச்சமாகும், பால் தள்ளப்படாது. ஆனால் நிரையில் சுத்தம் செய்யப்பட்டது என்பதற்காக எந்தக் கிராணியும் மிதவையைப் பெட்டியில் பூட்டி வைத்ததில்லை. முதல் சோதனை கொடுப்பவருக்கு உதவி. இரண்டாம் சோதனை பெறுபவருக்குக் காவல். கணினிப் படிவத்தின் இலக்கணம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

1948: அட்டை வந்த வரலாறு

1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பன்னிரண்டு வயது நிரம்பியோர் அனைவரும் பதிவு செய்து, புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டையைப் பெற வேண்டும் என்னும் ஒழுங்கு வந்தது. பேராக் மண்ணில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி, நாடு முழுவதும் ஒவ்வொருவர் பெயரையும் ஓர் அட்டையில் நிலைநிறுத்திவிட்டது.

அதுவரை காதால் கேட்டு வழங்கிய பெயர் அன்று ரோமன் எழுத்தில் உறைந்தது. தமிழறியாத எழுத்தர் கேட்டவாறு எழுதினார். எழுதியவாறே அது சட்டமாயிற்று. லெட்சுமிக்கு ஒரு வீட்டிலேயே இருவேறு எழுத்துக்கூட்டல்கள் அமைந்தன. சுப்பிரமணியம் ஓரிடத்தில் பகரமும் ஓரிடத்தில் பிறிதோர் எழுத்தும் பெற்றது. ழகரம் படாத பாடு பட்டது. வயதோ, பிறந்த நாள் எழுதி வைக்கப்படாத குடும்பங்களில், மதிப்பாகச் சொல்லப்பட்டு உண்மையாக எழுதப்பட்டது. முதல் வாயிலில் மொழியறிந்தவர் இல்லாத குறை, தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது.

அக்குறையின் விலை பின்னர் தெரிந்தது. 1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றபோது, இங்குப் பிறந்து வாழ்ந்தோர் பதிவின் வழியே குடியுரிமை பெற வழி திறந்தது. ஓராண்டுக்குள் விண்ணப்பித்தோர்க்கு மலாய் மொழியறிவு பற்றிய விதி தளர்த்தப்பட்டும் இருந்தது. ஆனால் விண்ணப்பத்துக்குச் சான்று வேண்டும். பிறப்புச் சூரையில் ஒரு பெயரும் அட்டையில் வேறொரு பெயரும் இருந்தால் சான்று சான்றாகாது. படிவத்தை நிரப்பத் துணை இல்லாதோரும், நிரப்பியும் பொருந்தாதோரும், அதன் அருமை அறியாதிருந்தோரும் சிவப்பு அட்டையோடு நின்றனர். 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர்க்கு 1969 முதல் வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. பல்லாயிரவர் தாம் காடு திருத்திய மண்ணைவிட்டுக் கப்பல் ஏறினர். ஆவணமில்லா இந்தியர்களைப் பதிவு செய்ய 2011-இல் ‘மைடாஃப்தார்’ எனும் இயக்கத்தை நடத்த வேண்டியிருந்தது என்பதே, அரை நூற்றாண்டு கழிந்தும் அப்பழைய பொருத்தமின்மை தீரவில்லை என்பதற்குச் சான்று.

பன்னிரண்டு இலக்கம்

1990-இல் அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கமாக அமைக்கப்பட்டது. 2001-இல் வந்த ‘மைகார்டு’ எனும் மின்னட்டையும் அவ்வெண்ணையே தாங்கியது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, திங்கள், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக்குக்கு 08. எஞ்சிய நான்கில் இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். ஆக இவ்வெண் தன்னைத்தானே ஓரளவு விளக்கி நிற்கிறது.

அதனால் இதற்கெனத் தனிவிதிகளை இயற்றுதல் எளிது. பன்னிரண்டுக்குக் குறையலாகாது, மிகலாகாது. திங்கள் 12-ஐத் தாண்டலாகாது. பிப்ரவரி 29 என்றிருப்பின் அவ்வாண்டு நெட்டாண்டாதல் வேண்டும். பெண் என்று ஓரிடத்தில் குறித்து, எண்ணின் இறுதியில் ஒற்றை இலக்கம் இருந்தால் இரண்டில் ஒன்று தவறு. இத்தகைய சோதனைகளை எழுதுவோர் முன்னிலையிலேயே செய்துவிடலாம்.

ஆயினும் இவ்வெண்ணுக்கும் எல்லை உண்டு. ஆண்டுக்கு இரண்டே இலக்கம் ஆதலின், 1924-இல் பிறந்த பாட்டியும் 2024-இல் பிறந்த கொள்ளுப்பேத்தியும் 24 என்றே தொடங்குவர். 24 என்றால் 2024 என்று கண்மூடிக் கொள்ளும் விதி, நூறாண்டு வாழ்ந்த மூதாட்டியைத் தொட்டில் குழந்தையாக்கி முதியோர் உதவித்தொகையை மறுத்துவிடும். மேலும், எண்ணின் வடிவம் சரியாக இருத்தல் வேறு. அவ்வெண் உடையார் ஒருவர் உளர் என்பது வேறு. எழுதுபவர் அவரே என்பது முற்றிலும் வேறு.

வடிவத்தை மட்டும் காக்கப் பிற நாட்டார் ‘சோதனை இலக்கம்’ என்னும் உத்தியைக் கையாள்கின்றனர். ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் உரிமம் கோரி 1960-இல் பெற்ற கணக்கு முறை, இன்றும் கடன் அட்டை எண்களைக் காக்கிறது. மற்ற இலக்கங்களைக் கொண்டு கணக்கிட்டு இறுதி இலக்கம் அமைக்கப்படுவதால், ஓர் இலக்கம் தவறினாலும் கணக்கு உதைக்கும். இந்தியாவின் ஆதார் எண்ணில் வெர்ஹூஃப் என்னும் டச்சு அறிஞர் 1969-இல் வெளியிட்ட முறை பயன்படுகிறது. சிங்கப்பூர் அடையாள எண்ணின் இறுதி எழுத்தும் இத்தகையதே. ஆனால் இவையெல்லாம் கைதவறியதைக் காட்டுமேயன்றிப் பொய்யைக் காட்டா.

இணையப் படிவம்

இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியின் இரண்டாம் பதிப்பு 1995 நவம்பரில் வெளிவந்தபோது, படிவம் அதில் முறையாக இடம்பெற்றிருந்தது. தொடக்கத்தில் சோதனை முழுவதும் தொலைவிலிருந்த சேவையகத்தில்தான் நடந்தது. ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தாலும், படிவம் தொலைபேசிக் கம்பி வழியே சென்று, மறுக்கப்பட்டு, மீண்டும் வந்து சேரும் வரை காத்திருத்தல் வேண்டும். அதே 1995-இல் பிரண்டன் ஐக் என்பார் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினார். உலாவியிலேயே சோதனை செய்ய அதனால் இயன்றது. 2014 அக்டோபர் 28-இல் நிலைபெற்ற ஐந்தாம் பதிப்பில், கட்டாயம் நிரப்ப வேண்டியது, இந்த அளவுக்கு மேற்படலாகாது, இந்த வடிவில் அமைய வேண்டும் என்பன போன்ற விதிகள் மொழியிலேயே சேர்க்கப்பட்டன. அவை போதாதவிடத்துத் தனிவிதி எழுதிக்கொள்ளவும், மறுப்புக்கான காரணத்தைத் தம் மொழியிலேயே கூறவும் வழி வைக்கப்பட்டது.

இத்தனை வசதி வந்தபின் சேவையகத்தில் மறுபடியும் சோதிப்பானேன் என்று கேட்பார் உளர். விடை பால் கொட்டகையில் இருக்கிறது. உலாவி எழுதுவோன் கையில் உள்ள கருவி. அதிலுள்ள விதிகளை அவன் நிறுத்திவிடலாம், மாற்றிவிடலாம், உலாவியே இல்லாமல் நேராகச் சேவையகத்துக்கு விவரத்தை அனுப்பிவிடலாம். அவன் கணினியின் கடிகாரம் தவறாக ஓடலாம். ஆகவே வயதைக் கணக்கிடுவதும், எண் முன்பே பதிவானதா என்று பார்ப்பதும், உரியவர்தாமா என்று தெளிவதும் சேவையகத்தின் கடமை. 2024 ஜனவரி 2-இல் மலேசிய அரசாங்கம் ‘பாடு’ எனும் முதன்மைத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. பிறருடைய அடையாள எண்ணைக் கொண்டு அவர் பெயரில் ஒருவர் பதிந்துவிடக் கூடும் என்னும் குறை முதல் நாள்களிலேயே பொதுவில் சுட்டிக்காட்டப்பட்டது. எண் சரியாக இருந்தால் ஆளும் சரி என்று கொள்ளலாகாது என்பதற்கு அஃது அண்மைக்காலச் சான்று.

சாய்கோடும் புள்ளியும்

இனித் தொடக்கத்தில் கூறிய சாய்கோட்டுக்குத் திரும்புதல் தகும். தமிழர்க்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தந்தை பெயரே தொடரும். முன்னாளில் எஸ்/ஓ, டி/ஓ என்று ஆங்கிலத்தில் குறிக்கப்பட்ட உறவு, மலாய் மொழியில் மகன் என்பதற்கு ஏ/எல் என்றும், மகள் என்பதற்கு ஏ/பி என்றும் ஆயிற்று. இப்பெயரை இணையப் படிவத்தில் எழுதும்போது மூன்று தடைகள் எதிர்ப்படும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். சாய்கோடு ஆகாது என்று மறுக்கும். பெயர் நீளம் என்று வெட்டும். வானூர்திப் பயணச் சீட்டு முறையில், குடும்பப்பெயரையும் இயற்பெயரையும் பிரிக்கும் குறியாகவே சாய்கோடு பயன்படுவதால், அங்கு அது பெயருக்குள் நுழையவே முடியாது.

தீங்கு இதோடு நிற்பதில்லை. முதல் வாயில் சாய்கோட்டை விலக்கச் சொல்கிறது, எழுதுவோர் விலக்கிவிடுகிறார். இரண்டாம் வாயிலோ அட்டையிலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று தள்ளுகிறது. உள்ளபடி எழுதினால் முதல் வாயில் திறக்காது. மாற்றி எழுதினால் இரண்டாம் வாயில் திறக்காது. 1957-இல் பிறப்புச் சூரையும் அட்டையும் பொருந்தாமல் நின்றவர் நிலையும் இதுவே. அன்று மேசை இருந்த இடத்தில் இன்று திரை இருக்கிறது.

சாய்கோட்டை விலக்குவதற்குக் காரணம் உண்டு. கட்டத்தில் எழுதப்படும் குறிகளைத் தரவுத்தளத்துக்கான கட்டளைகளாக மாற்றி, தீயோர் உட்புகுவர் என்னும் அச்சத்தால், எழுத்தல்லாத குறிகள் அனைத்தையும் ஒருங்கே தள்ளுவோர் உளர். ஆனால் கட்டளை வேறு, விவரம் வேறு என்று சேவையகத்தில் பிரித்து அனுப்பிவிட்டால் எந்தக் குறியும் தீங்கு செய்யாது. திருடன் வருவான் என்று அஞ்சிக் கதவுக்குத் தாழ் இடுவது அறிவுடைமை. வீட்டாரையே வெளியில் நிறுத்துவது அறிவுடைமையன்று.

தமிழெழுத்திலேயே பெயரை ஏற்கும் படிவங்களில் வேறொரு சிக்கல் உண்டு. யூனிகோடு முறையில் உயிரும் அகரமேறிய மெய்யும் எழுத்து என்னும் வகையின. புள்ளியும் கால், கொம்பு முதலியனவும் குறி என்னும் வகையின. ‘எழுத்து மட்டும்’ என்று விதி எழுதினால் கண்ணன் என்னும் பெயர் புள்ளியில் தடுக்கி விழும். தமிழாசிரியர் அப்பெயரில் நான்கு எழுத்து என்பார்; கணினி ஆறு என்று எண்ணும்; வழக்கமான சேமிப்பு முறையில் அது பதினெட்டு பைட்டு இடம் கொள்ளும். நீளத்துக்கு வரம்பு கட்டுவோர் எதை எண்ணுகிறோம் என்று முதலில் தெளிதல் வேண்டும். கொ என்னும் எழுத்தை ஒரே குறியாகவும் இரு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒருமைப்படுத்தாமல் ஒப்பிட்டால் கொழுந்து கொழுந்தோடு பொருந்தாது.

இவ்விடத்தில் தமிழிலக்கணம் வழி காட்டுகிறது. எவ்வெழுத்து மொழிக்கு முதலாகும், எது ஆகாது என்று தொல்காப்பியம் விதி வகுத்தது. ஆயினும் பிறமொழிப் பெயர் வந்தபோது நம் இலக்கணிகள் அதை வாயிலில் நிறுத்தி விரட்டவில்லை. ரகரமும் லகரமும் முதலாகா எனினும், முன்னே ஓர் உயிரைச் சேர்த்து அரங்கன், இராமன், இலக்குமி என்று ஏற்கும் வழியை நன்னூல் கூறியது. சகரம் அகரத்தோடு கூடி மொழிமுதல் வாராது என்று தொல்காப்பியம் விலக்கியதை, சட்டி, சங்கு என்று வழக்கு ஏற்றுக்கொண்டபின், நன்னூலும் ஏற்றது. விதி மக்களுக்காக இருந்தது. வழக்கு மாறியபோது விதியும் மாறியது.

இதையே படிவம் அமைப்போர் கொள்ளுதல் தகும். பெயரை உடையவர் எழுதியவாறே காத்து வைத்தல் வேண்டும். ஒப்பிடுவதற்கு மட்டும், சாய்கோடும் இடைவெளியும் நீக்கி ஒருமைப்படுத்திய படி ஒன்றை உடன் வைத்துக்கொள்ளலாம். குடும்பப்பெயர் இல்லாதவரை அதைக் கேட்டு வருத்தாமல், முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைக்கலாம். இரண்டு வாயில்களுக்கும் விதி ஒன்றாதல் வேண்டும். உள்வாயில் ஏற்பதை வெளிவாயில் மறுத்தல் ஆகாது. மறுக்க நேரின், ‘செல்லாத பெயர்’ என்று சொல்லாமல், எந்த எழுத்தால் என்ன இடர் என்று சொல்லுதல் வேண்டும்.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பெரட்டுக் களங்களில் புல் மண்டியது. மிதவைக் கருவிகள் காட்சிப் பொருளாயின. அத்தோட்டங்களில் வாழ்ந்தோரின் பேரர்கள் ஈப்போவில் கணினி முன் அமர்ந்து, கல்விக் கடனுக்கும் வேலைக்கும் படிவம் நிரப்புகின்றனர். அவர்களுள் சிலர் அப்படிவங்களை எழுதுவோராகவும் இருக்கின்றனர். பாட்டன் பெயரை ஒருமுறை எழுத்தர் ஒருவர் மாற்றி எழுதினார். பேரன் எழுதும் விதியேனும் பெயர்களை அறிந்து எழுதப்பட்டதாக இருக்கட்டும்.